கூடை வாயில் பதிந்த பெருவிரல்

எங்கள் ஊர்ச் சாமை விதையை அழித்தது நீங்கள்தான். எலி இல்லை. பூச்சி இல்லை. பஞ்சம் இல்லை. நான் இல்லை. நீங்கள்.

நீங்கள் என் வீட்டுக்காரரின் அண்ணன். இந்த ஊருக்கு வெகுகாலம் ஊர்க்கவுண்டராக இருந்தவர். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து உங்கள் முகத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் பக்கத்தில் புருஷனின் அண்ணனோடு பெண்பிள்ளை நேருக்கு நேர் பேசக்கூடாது. சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொல்ல வேண்டும், குழந்தை இல்லாவிட்டால் சுவரிடம் சொல்ல வேண்டும். அவர் காதில் விழுந்தால் விழட்டும். அப்படியே என் ஆயுசு போய்விட்டது. வாயால் பேசக்கூடாது என்பதுதான் முறை. எழுதக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

போன மாசம் ஏற்காட்டில் சிறுதானியத்தைப் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்களைச் சாமைப் பாயசம் காய்ச்சக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன். காய்ச்சிய சாமை எங்கள் மலைச் சாமை இல்லை. சேலத்திலிருந்து பிளாஸ்டிக் பாக்கெட்டில் வந்தது. உங்களை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்:

"எங்க ஊருல நொம்ப ஒசந்த சாமை இருந்ததுங்க. ஒரு பஞ்சத்துல அது போயிருச்சு. ஆம்பளைங்க காப்பாத்தோணும்னுதான் பாத்தோம். பொம்பளைங்களுக்குப் பசி பொறுக்கலைங்க. என்ற தம்பி ஊட்டுலயே, காப்பாத்தச் சொல்லிக் குடுத்த விதையை ஒடச்சு ஆக்கித் தின்னுட்டாங்க. குத்தம் சொல்லலைங்க. பசி அப்படி."

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நான் கரண்டியைப் பிடித்தபடி பாயசப் பாத்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். எங்கள் அடுத்த வீட்டுக்காரி. அந்த விதைக்குச் சொந்தக்காரி. இத்தனை வருஷத்தில் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். கோபமாகப் பார்க்கவில்லை. பாவம் என்று பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு இப்போது ஒரு கண் தெரியவில்லை. போன தை முதல் நெஞ்சுச் சளி. அவள் போவதற்குள் அவளுக்கு உண்மை தெரிய வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

வெளியூர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் முதலில் எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் யாரும் தன் விதையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அறுப்பு முடிந்ததும் நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்கி, காயவைத்து, காலால் தேய்த்து உதிர்த்து, உமியோடு அப்படியே மூங்கில் கூடையில் கொட்டுவோம். கூடைக்கு உள்ளேயும் வெளியேயும் செம்மண்ணும் சாணியும் கலந்து மெழுகியிருக்கும். அடியில் சாம்பலும் நொச்சித் தழையும். மேலே மூங்கில் தட்டை வைத்து மூடி, வாயைச் சுற்றிச் சாணி பூசி, ஈரம் காய்வதற்குள் அந்த வீட்டுப் பெண் தன் வலது பெருவிரலை அதில் அழுத்துவாள். காய்ந்தால் அதுதான் முத்திரை. பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் கொடுத்துவிடுவாள். அவர்கள் அதை அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். விதைக்கிற நாளில் சொந்தக்காரி வந்து, தன் விரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்து, பொருந்தினால் அவளே உடைப்பாள். வேறு யாரும் உடைக்கக்கூடாது.

ஏன் அப்படி? பசி வந்தால் சொந்த விதையைத் தின்ன யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அடுத்தவள் விதையைத் தின்றால் மறுநாள் அவள் முகத்தில் விழிக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் சாமியும் இல்லை, மந்திரமும் இல்லை. பசியைப் பார்த்தவர்கள் வைத்த முறை.

இன்னும் ஒரு விஷயம். பங்காளி வீட்டில் விதை வைக்கக்கூடாது. பங்காளி கைக்கு எல்லாமே தன்னுடையது மாதிரித் தெரியும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். உங்களைப் பார்த்தால் போதும்.

விதைப்பதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூடையை ஒரே நாளில் கவிழ்க்க மாட்டோம். முதல் மழைக்கு ஒரு பங்கு. அது காய்ந்து போனால் அடுத்த மழைக்கு ஒரு பங்கு. மிச்சம் கூடையிலேயே இருக்கும், வரப்போகிற வருஷத்துக்கு. மழையை நம்பலாம், ஒரே மழையை நம்பக்கூடாது என்பார்கள்.

இந்த முறையை நீங்கள்தான் மாற்றினீர்கள்.

ஊரில் சமுதாயக் கூடம் கட்டிய வருஷம் அது. சிமெண்டுத் தரை, இரும்புக் கதவு. அதைப் பார்த்து உங்களுக்கு வந்த பெருமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோயில் முன்னால் ஊரைக் கூட்டினீர்கள்.

"ஏனுங்க, ஊடு ஊடா விதையைத் தொங்கவுட்டுப் புகை போட்டுக்கிட்டு எத்தனை நாளைக்குங்க? ஒரு ஊடு தீப்புடிச்சா என்ன பண்ணுவீங்க? கூடத்துல அடுக்குங்க. எலி பூராது. ஒரே பூட்டு. சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

என் அடுத்த வீட்டுக்காரிக்கு அப்போது வாய் நீளம். பெண்கள் கூட்டத்திலிருந்து கத்தினாள்: "எலி பூராதுங்க. சாவி வெச்சிருக்கறவரு பூந்துட்டா?"

ஊரே சிரித்தது. நீங்களும் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தீர்கள். "நான் பூந்தா தொப்பை மாட்டிக்கும் அம்மணி, வெளியே வர முடியாது. நீயே வந்து புடிச்சுக்கலாம்."

அந்தச் சிரிப்பிலேயே காரியம் முடிந்தது. ஒரு வீடு தீப்பிடித்தால் ஒரு கூடை போகும், ஒரு பூட்டுப் போனால் எல்லாம் போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் இரும்புக் கதவு பிடித்திருந்தது. அந்த அறுப்பு முடிந்ததும் கூடைகளைக் கொண்டுபோய் அடுக்கினார்கள். என் கூடையும் போனது.

அடுத்த வீட்டுக்காரியின் கூடை மட்டும் போகவில்லை. அது என் அடுப்புக்கு மேலே தொங்கியது. அவளும் அவள் புருஷனும் அப்போது குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் புறப்பட்டார்கள். பஸ் ஏறுகிற அன்றைக்கு மூட்டையோடு என் வாசலில் நின்று சொன்னாள்: "அக்கா, எங்கூடை உன்ற ஊட்டுலயே இருக்கட்டும். அந்தத் தொப்பைக்காரரு பூட்டு எனக்கு வேண்டாம். நான் வந்து கேக்காம யாருக்கும் குடுத்துறாத."

"நீ வர்ற வரைக்கும் அதுக்கு நான் காவல்" என்றேன். அதுதான் நான் கொடுத்த வாக்கு.

அடுத்த வைகாசியில் மழை இல்லை. காப்பிப் பூவுக்கு வர வேண்டிய மழையும் இல்லை. விதைக்க நிலம் நனையவே இல்லை, அதனால் கூடத்தை யாரும் திறக்கச் சொல்லவில்லை. எஸ்டேட்டில் ஆள் குறைத்தார்கள். கணக்கெழுதுகிற ரைட்டர் வாசலிலேயே நின்று, வேலை இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பினார். ரேஷன் அரிசி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மாரமங்கலம் ரேஷன் கடை வரைக்கும் நடந்து போய் வெறும் பையோடு திரும்பி வந்திருக்கிறேன்.

நாங்கள் சாகவில்லை. சாகாமல் இருக்க எங்களுக்குத் தெரியும். மணலில் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டையை எடுத்துச் சுட்டோம். மாங்கொட்டையை உடைத்து உள்ளே இருக்கிற பருப்பை ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கசப்பைப் போக்கி, இடித்துக் களி கிண்டினோம். காட்டுக் கிழங்கை அகழ்ந்தோம். அந்தக் கிழங்கை அரிந்து ஓடையில் கட்டிப் போட்டு, பிறகு பலமுறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். அவசரப்பட்டால் தொண்டை அரித்து வாந்தி வரும். பசியில் அவசரப்படாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மேடையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குத் தெரியாது.

என் மகள் சின்னவள். அடுப்பின் முன்னால் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே பார்ப்பாள்.

"அம்மா, அந்தக் கூடைக்குள்ள என்ன?"

"சாமை."

"எறக்கும்மா."

"அது நம்முளுது இல்ல கண்ணு."

"யாருதா இருந்தா என்ன? சாமைதானே?"

அவளை அடித்தேன். அடித்த பிறகு நானும் அழுதேன். ஆனால் கூடையை இறக்கவில்லை. அதன் வாயில் அடுத்த வீட்டுக்காரியின் விரல் பதிந்திருந்தது. சின்ன விரல், நுனி சப்பை. அடுப்பு மூட்டும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொள்வேன்.

அந்தப் பசிக்கு நடுவில்தான் உங்கள் மகன் கல்யாணம். பெண் சேலத்துப் பக்கம். உங்கள் வீட்டம்மா, என் ஓரகத்தி, என்னிடம் சொன்னாள்: "சம்பந்திங்க கீழ்நாட்டுக்காரங்க. சாமைச்சோறு போட்டா மாட்டுத் தீவனத்தைப் போட்டுட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க. அரிசிச்சோறுதான் போடோணும்."

அரிசி எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஜீப் மூட்டைகளோடு கீழே இறங்கியது. "காப்பி போகுது" என்றீர்கள். பூவே பூக்காத வருஷத்தில் எங்கே காப்பி? அந்த ஜீப் வெள்ளை அரிசியோடு மேலே வந்தது. அதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பார்த்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தோம். ஊரே உட்கார்ந்தது. என் மகள் சாம்பாரை நக்கி நக்கித் தின்றாள். இலையை எடுக்க விடவில்லை. எல்லாரும் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டோம். பஞ்சத்தில் இப்படிச் சோறு போட யாருக்கு மனசு வரும் என்று பேசிக்கொண்டே போனோம். நாங்கள் கும்பிட்டுத் தின்றது எங்கள் விதையை.

மறு வைகாசியில் மழை வந்தது. நல்ல மழை. மலை முழுக்க மண் வாசம். ஆண்களும் பெண்களும் சமுதாயக் கூடத்துக்கு ஓடினோம். நீங்கள் சாவி போட்டுத் திறந்தீர்கள். கூடைகள் வரிசையாக இருந்தன. மழை போய்விடுமோ என்ற அவசரத்தில் விரல் வைத்துக்கூடப் பார்க்காமல் ஒவ்வொருத்தியும் தன் கூடையை வெளியே எடுத்து உடைத்தாள். உள்ளே உமி. கூடை கூடையாக வெறும் உமி. காற்றுக்கு அது பறந்தது.

ஒருத்தி அந்த உமியைக் கையில் அள்ளி ஊதி ஊதிப் பார்த்தாள். ஒரு மணியாவது இருக்காதா என்று தேடினாள். பிறகு தரையில் உட்கார்ந்து மண்ணில் தலையை முட்டிக்கொண்டாள்.

"பூச்சி உழுந்துருக்குது" என்றீர்கள். "உள்ளே இருக்கறதைத் தின்னுட்டு உமிய உட்டுருக்குது."

"சாமைக்கு எங்கீங்க பூச்சி உழும்? எங்க ஐயன் காலத்துச் சாமையே மொளைச்சுதுங்களே" என்றார் ஒருவர்.

"அப்ப நான் பொய் சொல்றேனா? கண்ணு முன்னால இருக்குது, பாரு. சிமெண்டுத் தரை குளுந்து போயி பூச்சி வந்துருக்கும். எல்லாம் நம்ம நேரம்."

நான் என் கூடையின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வலது பெருவிரலில் அரிவாள் பட்ட தழும்பு உண்டு. குறுக்கே ஒரு கோடு. நான் வைத்த முத்திரையில் அந்தக் கோடு விழுந்தே தீரும். அந்த மூடியில் கோடு இல்லை. பெரிய, தடித்த விரல். என் விரலை அதில் வைத்தேன், தொட்டிக்குள் விழுந்த சுண்டைக்காய் மாதிரிக் கிடந்தது. பக்கத்துக் கூடையின் மூடியைப் பார்த்தேன். அதே விரல். அதற்கடுத்த மூடியிலும் அதே விரல். பக்கத்தில் நின்ற சில பெண்களும் அதைப் பார்த்தார்கள். எல்லாக் கூடையையும் உடைத்து, உமியைக் கொட்டி, ஒரே ஆள் மறுபடி சாணி பூசி முத்திரை வைத்திருக்கிறார். ஊரில் இத்தனை பெண்களுக்கும் ஒரே பெருவிரலா?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் மூடியைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை அடுப்பில் போட்டார்.

"அது எங்கண்ணன். வாயத் தொறக்காத" என்றார்.

ஆனால் அவருக்கும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே குடகுக்குப் புறப்பட்டார். "அவளைக் கூட்டியாறேன். அவ வந்து கூடைய ஒடைக்கட்டும். இருக்கறது அது ஒண்ணுதான். ஊருக்கே பங்கு போட்டா ஆளுக்கு ஒரு கையாவது கெடைக்கும். அடுத்த வருஷம் பெருக்கிக்கலாம்."

அவர் போன பிறகு நீங்கள் நாலைந்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தீர்கள். நான் கதவுக்குப் பின்னால். நடுவில் என் மகள்.

"சாமி, உங்கம்மாகிட்டச் சொல்லு. அந்தக் கூடைய எறக்கச் சொல்லு. ஊரு விதைக்கோணும்."

"கண்ணு, பெரியப்பாகிட்டச் சொல்லு. கூடைக்காரி வந்துக்கிட்டிருக்கா. அவ கையால ஒடச்சு ஊருக்கே குடுப்பா."

"அவ வர்ற வரைக்கும் மழை நிக்குமான்னு கேளு."

"கூடத்துல வெச்ச கூடைங்க நெறஞ்சிருந்தா மழைய யாரும் நிக்கச் சொல்ல வேண்டியதில்லையேன்னு கேளு."

பிள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "அம்மா, பெரியப்பாவுக்கு மொகம் செவந்துருச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டீர்கள். "உள்ளே வெச்சுத் தின்னுக்கிட்டிருக்காளோ என்னமோ. ஆரு கண்டது?"

அந்த வார்த்தைக்குத்தான் கூடையை இறக்கினேன். தூக்கிக்கொண்டு வந்து வாசற்படியில் வைத்தேன். "கண்ணு, எல்லாரையும் முத்திரையைப் பாக்கச் சொல்லு" என்றேன். குனிந்து பார்த்தார்கள். சின்ன விரல், நுனி சப்பை, ஒரு கீறல் கூட விழவில்லை. ஒருவர் கூடையை ஆட்டிக் காதில் வைத்து, "நெறஞ்சிருக்குதுங்க" என்றார். நீங்களும் பார்த்தீர்கள். நன்றாகக் குனிந்து பார்த்தீர்கள். பிறகு திரும்பிப் போனீர்கள். நான் கூடையை மறுபடி கட்டித் தொங்கவிட்டேன்.

மறுநாள் நானும் மகளும் கிழங்கு அகழப் போனோம். வீட்டில் ஒரு வாய்க்கு எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பூட்டு கிடையாது. அடுத்தவள் விதைக்குக் காவல் அடுத்தவளின் முகம்தான், பூட்டு இல்லை. திரும்பி வந்து அடுப்புக்கு மேலே பார்த்தேன். கயிறு மட்டும் தொங்கியது.

ஓடினேன். ஊற்றுக்குக் கீழே இருக்கிற உங்கள் நிலத்தில் ஏர் நின்றிருந்தது. விதைத்து முடித்து, முள்ளுக் கிளையை இழுத்து மண்ணை மூடியும் ஆகிவிட்டது. கூடை வரப்பில் கவிழ்ந்து கிடந்தது. முழுக்கக் கொட்டியிருந்தீர்கள். மூன்று மழைக்குக் காத்திருக்க வேண்டிய விதையை ஒரே மழைக்கு. நேற்று என் வாசலுக்கு வந்த ஆண்கள் வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். விளைந்ததும் அவர்களுக்குப் பங்கு என்று சொல்லியிருந்தீர்களாம்.

நான் உங்களிடம் பேசவில்லை. பேசக்கூடாதே. வரப்பில் இருந்த கல்லைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

விதை முளைத்தது. அதையும் சொல்ல வேண்டும். பச்சை ஊசி குத்தி வைத்த மாதிரி நிலம் முழுக்க முளைத்தது. அதற்குப் பிறகு மழை இல்லை. மேகம் சேர்வராயன் மலைமேல் வந்து நிற்கும், கலைந்து போகும். பயிர் மஞ்சள் ஆனது.

நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து உங்கள் நிலத்தில் ஊற்றினேன். உங்கள் பயிருக்கு. என்னைத் திருடி என்று சொல்ல இருந்தவரின் பயிருக்கு. அது உங்களுடையது இல்லை, அவளுடையது, ஊருக்கே கடைசி என்று எனக்குத் தெரியும். மகள் சொம்பில் ஊற்றினாள். சரிவு நிலம் குடத்துத் தண்ணீரை என்ன செய்யும்? ஊற்றிய இடம் நனைவதற்குள் அடுத்த இடம் காயும். என் ஓரகத்தி ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்தாள். "பைத்தியமா உனக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் ஒரு குடத்தோடு வந்தாள். என்னோடு சேர்ந்து ஊற்றினாள். அந்தப் புண்ணியவதி இப்போது இல்லை. ஊற்று சேறாகிற வரைக்கும் ஊற்றினோம். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போன பிறகு நிறுத்தினோம். பயிர் வேரோடு கையில் வந்தது, வைக்கோல் மாதிரி.

அதற்குப் பிறகுதான் குடகிலிருந்து அவர்கள் வந்தார்கள். அவர்கள் எந்த எஸ்டேட்டில் இருக்கிறார்கள் என்று தேடியே என் வீட்டுக்காரருக்கு நாள் போயிருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் எனக்கு முன்னால் நீங்கள் போய் நின்றீர்கள். உடைந்த முத்திரையும் காலிக் கூடையுமாக. என்ன சொன்னீர்கள் என்று பிறகு தெரிந்தது. "நாங்க போறதுக்குள்ளயே அவ ஒடச்சுத் தின்னுட்டா. பாதிதான் இருந்தது. இருக்கறதையாவது காப்பாத்தலாம்னு வெதச்சேன், மழை ஏமாத்திருச்சு."

அடுத்த வீட்டுக்காரி அந்தக் கூடையோடு என் வாசலுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன், உண்மை வெளியே வந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"அக்கா, கொழந்தைக்குப் பசின்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா நானே ஒடச்சு ஆக்கிக் குடுன்னு சொல்லியிருப்பேனே. எங்கிட்டக் கேக்கோணும்னு உனக்குத் தோணலியே."

"நான் தொடல. சத்தியமா நான் தொடல" என்றேன்.

என் மகளின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். "உடு அக்கா. பசி" என்றாள். கூடையை என் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு முத்திரையைக் குனிந்து பார்த்த ஆண்களின் வீடு வீடாக ஏறினேன். "நீங்க பாத்தீங்கல்ல, சொல்லுங்க" என்றேன். ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார். ஒருவர் தனக்குக் கண் சரியில்லை என்றார். எல்லாரும் விதைப்பில் கூட இருந்தவர்கள். ஊர்க்கவுண்டரைப் பகைத்தால் அடுத்த வேளை ரேஷனுக்குக் கூட வழி இருக்காது. என் வீட்டுக்காரர் சாகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் தம்பி. அந்த மௌனத்தோடுதான் போனார்.

அவள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. அவள் புருஷன் செத்த அன்றைக்கு நான் போய் அழுதேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. ஒரே வேலிதான் நடுவில்.

ஊரில் அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் விதை கொடுக்கவில்லை. கொடுத்தால் தின்றுவிடுவார்கள் என்று பெயர். என் பெயர். கீழே இருந்து வேறு விதை வந்தது, ஒரு தடவை விளைந்தது, அடுத்த தடவை பதரானது. பிறகு எல்லாரும் மிளகும் காப்பியும் போட்டோம். அதைத் தின்ன முடியுமா? போன ஐப்பசியில் மண் சரிந்து சாலை அடைத்துக்கொண்டபோது என்ன ஆனது? ஏற்காட்டுக் கடைகளில் அரிசி தீர்ந்தது. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கூட ஒரு படி தானியம் இல்லை. என் பேரப்பிள்ளைகள் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார்கள். ஒரு காலத்தில் சாலையே இல்லாமல் வாழ்ந்த ஊர் இது. வாழ்ந்தது கூடையால் இல்லை, அடுத்தவளை நம்பினதால். நீங்கள் விதையை மட்டும் தின்னவில்லை.

இப்போது கேட்கிறேன். இனி எனக்குக் குழந்தையும் வேண்டாம், சுவரும் வேண்டாம். உங்களையே கேட்கிறேன்.

மேடையில் மைக் பிடித்துச் சொன்னதற்கு மேடையில்தான் பதில் சொல்ல வேண்டும். வருகிற ஆடியில் கோயில் முன்னால் ஊர் கூடும். அடுத்த வீட்டுக்காரியை நான் கைப்பிடித்துக் கூட்டி வருகிறேன். வரமாட்டாள், தூக்கிக்கொண்டாவது வருகிறேன். அவள் கூடை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் வாயில் புதுச் சாணி பூசி உங்கள் முன்னால் வைப்பேன். உங்கள் வலது பெருவிரலை அதில் அழுத்துங்கள். எந்த விரல் எங்கள் கூடைகளில் இருந்தது என்று தெரிந்த கிழவிகள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அழுத்திவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் மகன் கல்யாணத்துக்குப் போட்ட அரிசி எங்கிருந்து வந்தது? என் வீட்டுக் கயிற்றிலிருந்து அவள் கூடையை அவிழ்த்த கை யாருடையது?